தடம் புரண்டது யார் குற்றம்?

"தடம் புரண்டது" என்ற சொற்களைச் செய்தித்தாளில் காணும்போதெல்லாம் நம் உள்ளம் பதறுகிறது. அடுத்த கணமே, "யார் செய்த தவறு?" என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. ஓட்டுநரா? தண்டவாளம் பார்ப்பவரா? வண்டி பார்ப்பவரா? விடை கிடைக்கும் முன்பே நாம் ஒருவர் பக்கம் விரலை நீட்டிவிடுகிறோம். பெரிய ரயில்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறிய ரயிலைப் பற்றியே இங்கே எழுதப் போகிறேன். ஆனால் அந்தச் சிறிய ரயிலும் தடம் புரண்டது. அதற்கும் ஒரு குற்றவாளி தேடப்பட்டார். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

திருச்சியில் வாழும் நமக்கு ரயில் அந்நியமானது அன்று. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம் பெயர்ந்த பணிமனை நம் ஊரின் பெருமைகளில் ஒன்று. நம் வகுப்பில் எத்தனையோ தோழியரின் தாத்தாக்களும் தந்தையரும் ரயில்வேயில் உழைத்தவர்கள். என் தாத்தாவும் அப்படித்தான். 'டிரெயின் எக்ஸாமினர்' என்பது அவர் வகித்த பதவி. வண்டி நின்றதும் கையில் சிறு சுத்தியலோடு நடந்து, சக்கரங்களைத் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே விரிசல் உண்டா இல்லையா என்று கண்டுகொள்ளும் வேலை அது. நல்ல சக்கரம் மணி போல ஒலிக்குமாம். விரிசல் விட்ட சக்கரம் உடைந்த பானை போல மங்கி ஒலிக்குமாம். பல ஊர்களில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

சென்ற கோடை விடுமுறையில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மாமா ஊருக்கு வந்தபோது, தம்பிக்கு ஒரு மின்சார ரயில் பெட்டி வாங்கி வந்தார். அந்த வகையை எச்.ஓ. என்று அழைக்கிறார்கள். உண்மையான வண்டியை 87 பங்காகச் சுருக்கினால் என்ன அளவு வருமோ, அதுதான் எச்.ஓ. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகல ரயில்பாதையின் 1676 மில்லிமீட்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! பெட்டியில் ஓர் எஞ்சின், ஒரு கரி வேகன், ஒரு மூடு வேகன், ஓர் எண்ணெய் டாங்கர், ஒரு கார்டு வண்டி ஆகியவை இருந்தன. கூடுதலாக ஒரு கரி வேகனையும் மாமா தனியே வாங்கி வந்திருந்தார். அது பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அந்த உறை பிரிக்காத வேகனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழியரே! நீதிமன்றத்தில் வந்து நின்ற கடைசிச் சாட்சி அதுதான்.

மாமா கஞ்சர் அல்லர். எனினும் அது விலை மலிவான பெட்டிதான். இதே வகையில் ஒரே ஒரு வேகனுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்பவையும் உண்டாம். மலிவான வண்டியில் சக்கரங்கள் பிளாஸ்டிக்கில் இருக்கும். அச்சு மட்டும் இரும்பு. பார்வைக்கு அழகுதான். ஆனால் அச்சிலே சக்கரம் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்ப அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது போலும்!

முதல் வாரம் தம்பி தண்டவாளங்களை வெறும் நீள்வட்டமாக இணைத்து ஓட்டினான். வண்டி நன்றாகவே சுற்றியது. அடுத்த சனிக்கிழமை காலையில், பெட்டியில் இருந்த இரண்டு 'பாயிண்ட்'களையும் இணைத்து, பக்கத்தில் ஒரு கிளைப்பாதையும் போட்டான். வண்டி ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறும் இடத்தைத்தான் பாயிண்ட் என்கிறோம். அன்று எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவோடு அவருடைய மகளும் வந்திருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சின்னப் பெண். ரயிலை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பெரிய மனது பண்ணி, வேகம் கூட்டும் குமிழை அவள் கையில் கொடுத்தான். கரி வேகனை எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கவும் அனுமதித்தான். வண்டி கிளைப்பாதையை நோக்கிச் சென்றது. பாயிண்டைத் தொட்டதும் கரி வேகன் துள்ளிச் சாய்ந்தது. மறுபடி வைத்தார்கள்; மறுபடி சாய்ந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

"இவள் கை வைத்த பிறகுதான் இப்படி ஆச்சு!" என்று தம்பி உரக்கச் சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டுத் தம் மகளின் முதுகில் இரண்டு வைத்தார். பிறகு என் அம்மாவிடம், "என்ன விலையோ சொல்லுங்கம்மா, சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்றார். அம்மா, "அதெல்லாம் வேண்டாம், விடு" என்றார்கள். ஆனால் 'உன் மகள் உடைக்கவில்லை' என்று அம்மாவும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தெரியவும் இல்லை. 'மன்னித்துவிட்டோம்' என்பது ஒன்று. 'நீ செய்யவில்லை' என்பது வேறு. அந்தச் சின்னப் பெண்ணுக்கு இரண்டாவதுதான் தேவையாக இருந்தது. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அத்தை வீட்டுக்குப் போயிருந்த தாத்தா திரும்பி வந்ததும் தம்பி வழக்கைச் சொன்னான். தாத்தா முழுவதும் கேட்டுவிட்டு, "விழுந்த இடத்தை யாராவது குறிச்சு வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். யாரும் குறிக்கவில்லை.

உண்மையான ரயில் தடம் புரண்டால் என்ன செய்வார்கள் என்பதை அன்று தாத்தா விளக்கினார். பாதையைப் பார்ப்பவர்கள், "வேகன் சரியில்லை" என்பார்களாம். வேகனைப் பார்ப்பவர்கள், "பாதை சரியில்லை" என்பார்களாம். இருவரும் சேர்ந்து, "வேகமாக ஓட்டிவிட்டார்" என்று ஓட்டுநரைக் காட்டுவார்களாம்! அதனால்தான் எல்லாத் துறையினரும் ஒன்றாக நின்று, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் அளந்து, ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது வழக்கம். "அளவு எடுக்காம வண்டியைத் தூக்கிட்டா சாட்சியும் சேர்ந்து போயிடும், பாப்பா. அப்புறம் யார் குரல் சின்னதோ அவங்கதான் குற்றவாளி" என்றார் தாத்தா.

ஆகவே விசாரணை தொடங்கியது. தாத்தா எங்களுக்குக் கொடுத்த விதி மிக எளியது. ஒரே இடத்தில் எல்லா வண்டிகளும் விழுந்தால் குற்றம் பாதையில். ஒரே வண்டி பல இடங்களில் விழுந்தால் குற்றம் வண்டியில். ஒரே வண்டி ஒரே இடத்தில் மட்டும் விழுந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். தம்பி ஒவ்வொரு வண்டியையும் எஞ்சினோடு தனியே கோத்துப் பத்துச் சுற்று ஓட்டினான். நான் ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். விழுந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி. எந்தச் சக்கரம் முதலில் ஏறியது என்பதையும் குறித்தோம்.

பத்துச் சுற்று முடிந்ததும் நோட்டே பேசத் தொடங்கியது! ஜன்னலுக்குக் கீழே உள்ள ஓர் இணைப்பில் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் ஒரு தடவையாவது தடுமாறின. கரி வேகன் மட்டும் இரண்டு பாயிண்டுகளிலும் தவறாமல் விழுந்தது. மூடு வேகன் வளைவில் விழுந்தது. அதுவும் பின்னால் வேறு வண்டிகளைக் கோத்தால் அதிகமாக விழுந்தது. கார்டு வண்டி விழவில்லை. ஆனால் உருளாமல் இழுபட்டது. ஒரே நோய் என்று நாங்கள் நினைத்திருந்தது நான்கு வெவ்வேறு நோய்களாக இருந்தது.

மருத்துவம் சொல்லும் முன்பு, ரயில் ஏன் தண்டவாளத்தில் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புதான் அதைப் பிடித்து வைக்கிறது என்றே நான் எண்ணியிருந்தேன். தாத்தா காகிதத் தேநீர்க் குவளைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டி, இரண்டு நீண்ட குச்சிகளைச் சரிவாக வைத்து அவற்றின்மேல் உருட்டினார். சற்றுக் கோணலாக வைத்தாலும் அது தானே திரும்பி நடுவுக்கு வந்து உருண்டது. பிறகு அடியோடு அடி ஒட்டி உருட்டினார். உடனே கீழே விழுந்தது. ரயில் சக்கரம் முதல் வகை. அதன் பரப்பு தட்டையாக இராது. உட்பக்கம் பெருத்தும் வெளிப்பக்கம் சிறுத்தும் கூம்பு போல இருக்கும். இந்தச் சரிவு பெரிய ரயிலில் பொதுவாக 20க்கு 1. வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச் சக்கரம் பெருத்த பகுதியிலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளுகின்றன. அதனால் ஒரே அச்சில் இறுகியிருந்தும், வெளிச் சக்கரம் அதிகத் தூரம் போக முடிகிறது. விளிம்பு என்பது கடைசிக் காவல்காரன் மட்டுமே.

ஆனால் பொம்மை ரயிலில் அந்தக் காவல்காரனுக்கு ஓய்வே இல்லை. எங்கள் தண்டவாள வளைவின் ஆரம் 18 அங்குலம். அதை 87ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஏறத்தாழ 40 மீட்டர் வந்தது! நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். இவ்வளவு குறுகிய வளைவில் கூம்பின் உதவி போதாது. விளிம்பு உரசிக்கொண்டே போக வேண்டும். அதனால் பெரிய வண்டி பொறுத்துக்கொள்ளும் சிறு பிழையைக்கூடச் சின்ன வண்டி பொறுக்காது.

முதல் நோய் பாதையில். ஜன்னலுக்குக் கீழே இருந்த இணைப்பைத் தாத்தா கண்ணால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் சிறு தகட்டுக்குள் ஒன்று நுழையாமல், அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கழற்றி மீண்டும் நேராகச் செருகினோம். விரிப்பின்மேல் போட்டிருந்த பாதையைத் தூக்கிச் சமமான பலகையின்மேல் அமைத்தோம். அந்த இடத்தில் விழுவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

இரண்டாவது, வழக்குக்கு உரிய கரி வேகன். இதற்கு அளவு வேண்டும். எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டர், ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவியை இரண்டு நாள் இரவல் தந்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் உருளையின் விட்டம் அளந்தபோது அந்தக் கருவியின் அருமை எங்களுக்குப் புலப்படவில்லை. அதன் மேல் தாடைகளை, ஓர் அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே வைத்து விரித்தேன். எச்.ஓ. வண்டிக்கு இந்த இடைவெளி ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நம் அகலப் பாதை வண்டிகளுக்கு இதே அளவு 1600 மில்லிமீட்டர் என்று தாத்தா தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கரி வேகனின் நான்கு அச்சுகளில் இரண்டு 14.4 காட்டின. மற்ற இரண்டும் 13.6, 13.7!

முக்கால் மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். பாயிண்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் சக்கரம் தவறான வழியில் நுழையாதபடி, எதிர்ப்பக்கத்தில் 'செக் ரெயில்' என்ற காவல் தண்டவாளம் ஒன்று வைத்திருப்பார்கள். அது சக்கரத்தின் முதுகைப் பிடித்து நேரே நடத்தும். காவல் தண்டவாளங்களை நடுவில் விட்டு, இரு சக்கரங்களும் அவற்றுக்கு வெளியே செல்ல வேண்டும். சக்கரங்கள் நெருங்கி இருந்தால் வெளியே செல்ல இடம் ஏது? அவற்றின்மேல் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் விழத்தான் வேண்டும். வெறும் நீள்வட்டத்தில் காவல் தண்டவாளம் இல்லை. ஆகையால் முதல் வாரம் கரி வேகன் ஒழுங்காக ஓடியது. பாயிண்ட் போட்ட முதல் நாளில் விழுந்தது. அந்த முதல் நாளில்தான் சின்னப் பெண்ணும் வந்திருந்தாள்!

ஆனால் தம்பி விடுவானா? "அவள் அழுத்தி வைத்ததால் சக்கரம் உள்ளே போயிருக்கலாமே!" என்றான். கேள்வி நியாயமானதுதான் என்று தாத்தாவே ஒப்புக்கொண்டார். பிளாஸ்டிக் சக்கரம் இரும்பு அச்சில் வெறும் பிடிமானத்தால்தான் நிற்கிறது, அழுத்தினால் நகரக்கூடும். எல்லாரும் பேசாமல் இருந்தோம். அப்போதுதான் அலமாரியில் இருந்த அந்த உறை பிரிக்காத வேகன் என் நினைவுக்கு வந்தது. அம்மா, தம்பி, தாத்தா மூவர் முன்னிலையிலும் உறையைப் பிரித்தோம். எந்தக் கையும் படாத வேகன். வெர்னியரை வைத்தேன். 14.3... 13.7... 14.4... 13.6. தம்பியையே படிக்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை படித்துவிட்டு, நோட்டில் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அன்று மாலை அக்கா வேலைக்கு வந்ததும், அம்மா அவரை உட்காரவைத்து நோட்டைக் காட்டினார்கள். "உன் மக ஒண்ணும் பண்ணலை. வரும்போதே அது கோளாறாத்தான் வந்திருக்கு. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றார்கள். அக்காவுக்கு எண்கள் விளங்கியிருக்குமோ, என்னவோ! ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. "நான்தாம்மா அவளை அடிச்சுப்புட்டேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் சின்னப் பெண் வந்தாள். வாசலிலேயே நின்றாள். தம்பி போய் அழைத்து வந்து, "வேகன்தான் தப்பு, நீ இல்லை" என்றான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப நான் மறுபடி ஓட்டலாமா?"

வழக்கு முடிந்தது, வைத்தியம் தொடங்கியது. தாத்தா ஒரு பழைய பிளாஸ்டிக் அளவுகோலின் துண்டை, வெர்னியரால் அளந்து அளந்து 14.4 மில்லிமீட்டர் அகலத்துக்கு அரத்தால் தேய்த்தார். கரி வேகன்களின் சக்கரங்களை இரு கையாலும் பிடித்து, மெல்லத் திருகி வெளிப்பக்கம் இழுத்து, அந்தத் துண்டு கச்சிதமாக நுழையும் வரை நகர்த்தினோம். ஒரே சக்கரத்தை மட்டும் இழுத்தால் ஜோடி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இரண்டையும் சம அளவு இழுக்க வேண்டும். பிறகு அச்சைச் சுழலவிட்டுப் பார்த்தோம். தள்ளாடாமல் சுற்றினால் சரி. ஒரு சக்கரத்தின் பரப்பில் வார்ப்பின்போது ஒட்டிய பிசிறு இருந்தது. அதை நகம் தேய்க்கும் அரத்தாலேயே நீக்கினோம். நம்மிடம் இருக்கும் கருவிகளே போதும் தோழியரே! அச்சும் சக்கரமும் ஒன்றாக வார்க்கப்பட்ட வகையை மட்டும் இப்படித் திருத்த முடியாது. வேறு ஜோடிதான் வாங்க வேண்டும். உலோகச் சக்கரம் வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு தண்டவாளங்களிலும் மின்சாரம் ஓடுவதால், சக்கர ஜோடியின் ஒரு பக்கமாவது மின்சாரம் கடத்தாதபடி காப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது நோயாளி மூடு வேகன். சமையலறைத் தராசில் வைத்தால் 58 கிராம்தான்! அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. எச்.ஓ. வண்டிக்கு முதலில் ஓர் அவுன்ஸ். பிறகு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். எங்கள் வேகன் 6 அங்குலம். ஆக 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம் இருக்க வேண்டும். பாதிதான் இருந்தது! எடை ஏன் வேண்டும்? விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, சக்கரத்தைக் கீழே அழுத்தும் எடையை விட ஓர் அளவுக்கு மேல் விஞ்சினால் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறிவிடும். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் நடால் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார். 1908இல் வெளிவந்த அவருடைய நூலை ஒட்டி இன்றும் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். லேசான வேகனுக்குப் பின்னால் கனமான வண்டிகளைக் கோத்தால், வளைவில் இணைப்பு கயிறு போல இறுகி, நடுவில் உள்ள லேசான வேகனை உட்பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். எனவே கூரையைக் கழற்றி, தரையோடு தரையாக, இரண்டு போகிகளுக்கும் மேலே சமமாக இரும்பு நட்டுகளை ஒட்டினோம். எடையை உயரத்தில் வைத்தால் உள்ளதும் கெடும்.

அதே வேகனில் இன்னொரு குறையும் இருந்தது. இரண்டு போகிகளின் திருகுகளும் இறுக முடுக்கப்பட்டிருந்தன. தாத்தா ஒன்றைச் சற்றே தளர்த்தி எல்லாப் பக்கமும் அசையவிட்டார். மற்றதை இடம் வலமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் விட்டு, சாய்ந்தாடாமல் வைத்தார். "நாலு கால் நாற்காலி மேடு பள்ளத்துல ஆடும், முக்காலி ஆடாது. வண்டியையும் முக்காலி ஆக்கணும்" என்றார். ஒரு போகி இரண்டு கால். ஆடும் போகி மூன்றாவது கால். அதன் பிறகு மேடு பள்ளத்திலும் எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொட்டன.

நான்காவது நோயாளி கார்டு வண்டி. அதன் நோய் என்ன தெரியுமா? தலைமுடி! என்னுடையதும் அம்மாவுடையதுமாக நான்கு நீண்ட முடிகள் அச்சில் சுற்றிக் கயிறு போல இறுகியிருந்தன. தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முடியை ஊசியால் எடுத்தோம். எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். எண்ணெய் தூசியைச் சேர்க்கும், சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கவும் கூடும் என்று சொல்லி, தாத்தா பென்சில் கரியைச் சீவிப் பொடியாக்கி அச்சு முனைகளில் இட்டார். சாய்வான பலகையில் வைத்ததும் கார்டு வண்டி தானே ஓடியது. தொங்கிக்கொண்டிருந்த இணைப்புக் கொக்கியையும் நிமிர்த்தினோம். இல்லாவிட்டால் அது பாயிண்டில் மாட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் ஆன செலவு, நட்டுகளுக்கும் பசைக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள். புதிய வேகன் வாங்கியிருந்தால்? அதுவும் அதே அளவோடு வந்து அதே இடத்தில் விழுந்திருக்கும். அதற்கும் யாராவது ஒரு சின்னக் கை பழி ஏற்றிருக்கும்.

தாத்தா தம் பணிக்காலத்தில் எத்தனை விபத்துகளைத் தடுத்தார் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. நேராத விபத்துக்குக் கணக்கு ஏது? ஆனால் பழி சொல்லும் முன் அளந்து பார்ப்பது, அளந்ததை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பது என்ற இரு பழக்கங்களை அவர் எங்கள் வீட்டில் விதைத்துவிட்டார். வகுப்பில் பொருள் காணாமற் போகும்போதும், குழு வேலையில் மதிப்பெண் குறையும்போதும், "எங்கே? எது? எத்தனை முறை?" என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் யாரும் குற்றவாளியாக இருப்பதில்லை.

நம் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் அந்த ரயிலைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மூன்று மணி நேரம் ஓடியது. தேநீர்க் குவளைகளை உருட்டிக் காட்டியதற்கு அன்னையர் பலர் கைதட்டினார்கள். குமிழைப் பிடித்து வண்டியை ஓட்டிய சின்னப் பெண் யார் என்று சிலர் கேட்டீர்கள். அவள் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அன்று வண்டி ஒரே ஒரு முறை விழுந்தது. கூடியிருந்தவர்கள் "ஐயோ!" என்றார்கள். அவள் பதறவில்லை. வண்டியைத் தொடாமல், முதலில் சுண்ணக்கட்டியை எடுத்து, விழுந்த இடத்தில் ஒரு குறி போட்டாள்.

— ஒரு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு